கடைசி செகண்ட் எர்னஸ்ட்டும் என் கடிகாரமும்

புதன்கிழமை காலை ஏழேகால் இருக்கும். அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. எர்னஸ்ட்டின் மனைவி பிலோமினா. "ஸ்டெல்லா, எர்னி போயிட்டார்டி" என்றாள். "எங்க போனார்?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். காலை ஏழு மணிக்கு அந்த மனிதர் எங்கேயாவது ஓடிக்கொண்டிருப்பார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. பிலோ அப்புறம் சொன்னாள். "ஓடிட்டு வந்தார். சேர்ல உக்காந்தார். தண்ணி கேட்டார். நான் சொம்பை எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைக்கத் தோன்றவில்லை.

அறுபத்தாறு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. காக்ஸ் டவுன் முழுக்க மூட்டு வலி என்று முனகிக்கொண்டிருக்கும் எங்கள் கூட்டத்தில், மைதானத்தைத் தினமும் எட்டுச் சுற்று ஓடுகிற ஒரே ஆள். நாங்கள் எல்லாரும் போன பிறகு கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வருவார் என்றுதான் நினைத்திருந்தோம். இதைக் கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தட்டச்சு செய்கிறவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு அதிர்ச்சி மற்றவர்களுக்கு வந்த மாதிரி வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், நான் எர்னஸ்ட்டிடம் ஒரு விஷயம் சொன்னேன். முப்பத்தாறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். அவர் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். பிலோ போனில் அழும்போது என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். பாவி, நீதான் கொன்றாய்.

குத்துச்சண்டைச் சங்கத்துப் பிள்ளைகள் எர்னஸ்ட் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டார்கள். "ஆன்ட்டி, அந்தக் கடைசி செகண்ட் குத்தைப் பத்தி நீங்கதான் எழுதணும், நீங்கதானே டைம்கீப்பர்" என்றார்கள். எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. வெட்டுவதாக இருந்தால் முழுவதையும் வெட்டுங்கள், பாதியைப் போடாதீர்கள்.

எர்னஸ்ட் ஆரோக்கியசாமி யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும், இப்போது வைட்ஃபீல்ட் பக்கம் குடிவந்திருக்கிற புதுக் குடும்பங்களும் இதை வாசிக்கும் என்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்த ஊர் ஆட்டோக்களின் பின்னால் சினிமா நடிகர்களுக்குப் பக்கத்தில் எர்னஸ்ட்டின் படமும் இருந்தது. குத்துச்சண்டையில் நாட்டுக்கே சாம்பியன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ரிச்சர்ட்ஸ் டவுனிலும் காக்ஸ் டவுனிலும் அந்த வருடங்களில் பிறந்த பாதிப் பையன்களுக்கு எர்னஸ்ட் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பங்குச் சாமியாரே சலித்துப்போய், "வேற புனிதர் யாருமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று பீடத்திலிருந்து கேட்டார்.

நானும் அவரும் ஒரே தொழிற்சாலை. அவர் மெஷின் ஷாப், நான் விளையாட்டுப் பிரிவு ஆபீஸில் டைப்பிஸ்ட். குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு நேரம் பார்க்க ஆள் கிடைக்காமல் ஒருநாள் என் கையில் ஸ்டாப்வாட்சைத் திணித்தார்கள். ஒரு பொம்பளை ரிங் பக்கத்தில் உட்கார்ந்து பெல் அடிப்பதா என்று முனகினவர்கள் உண்டு. எர்னஸ்ட்தான் அவர்களிடம், "அவ டைப் அடிக்கிறப்போ ஒரு எழுத்து தப்பா விழுந்து பாத்திருக்கியா? மூடிக்கிட்டு போ மேன்" என்றார். பரீட்சை எழுதி முறைப்படி டைம்கீப்பர் ஆனேன். எனக்கு ஒரே ஒரு விதி இருந்தது. கடிகாரத்தைப் பார், சண்டையைப் பார்க்காதே. முகத்தில் ரத்தம் தெறித்த அன்றுகூட நான் நிமிரவில்லை.

அதனால் எர்னஸ்ட்டின் சண்டைகளை நான் காதால்தான் பார்த்தேன். ஆனால் சண்டைக்குப் பிறகு அவர் செய்கிறதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கையுறையைக் கழற்றியதும் நேராகத் தோற்றவனுடைய அறைக்குப் போவார். கதவில் சாய்ந்துகொண்டு, "பல்லெல்லாம் இருக்கா?" என்று கேட்பார். பஞ்சாபிப் பையனாக இருந்தாலும் மணிப்பூர்ப் பையனாக இருந்தாலும் தமிழில்தான் கேட்பார். அவனும் என்னமோ புரிந்தமாதிரி வாயைத் திறந்து காட்டுவான். ஒருமுறை ஒருவனுக்கு நிஜமாகவே ஒரு பல் காணவில்லை. எர்னஸ்ட் திரும்பி ரிங்குக்குப் போய், முழங்காலிட்டுத் தேடி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தானோ தெரியாது.

அவருக்குக் கோபம் வராது என்று எழுதினால் அது பொய். காபி ஆறிப்போனால் வரும். ஓட்டத்தில் யாராவது குறுக்கே போனால் வரும். ஒருமுறை ஆபீஸில் அவருடைய வயதை இரண்டு வருடம் குறைத்துப் போட்டு அனுப்பலாம், இன்னும் இரண்டு சீசன் ஆடலாம் என்று மேலதிகாரி யோசனை சொன்னார். அந்தப் படிவம் டைப் அடிக்க என் மேஜைக்கு வந்தது. எர்னஸ்ட் வந்து அதை எடுத்துக் கிழித்தார். "ஸ்டெல்லா, நான் பொறந்தப்போ எங்கம்மா பட்ட கஷ்டத்துல ரெண்டு வருஷத்தைக் கழிக்கச் சொல்றான் இவன்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அதற்குள் நான் அவருடைய சண்டை ஒன்றில் பொய் சொல்லி முடித்திருந்தேன்.

அந்தச் சண்டை ஒரு சாம்பியன்ஷிப்பின் ஃபைனல், எங்கள் தொழிற்சாலைக் கூடத்தில் நடந்தது. நேரம் பார்க்க வேண்டியவர் வெளியூர்க்காரர். அவருக்கு அன்று காய்ச்சல். எர்னஸ்ட்டோடு வேலை செய்கிறவள் என்பதால் ஃபைனலில் நான் உட்காரவே கூடாது, ஆனால் வேறு ஆள் இல்லை என்று உட்காரவைத்தார்கள். எதிரில் முனிராஜு. இருபத்திரண்டு வயது, இடக்கைக்காரன், ஹொஸ்கோட்டே பக்கத்துக் கன்னடப் பையன். மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று. முதல் இரண்டு சுற்றிலும் எர்னஸ்ட் அடி வாங்கிக்கொண்டே புள்ளியில் பின்தங்கினார் என்பது கூட்டத்தின் மௌனத்திலேயே எனக்குத் தெரிந்தது. மூன்றாவது சுற்றில் அவருடைய வலது கையுறையின் கயிறு அவிழ்ந்தது. நடுவர் "ஸ்டாப்" என்றார். நான் கடிகாரத்தை நிறுத்தினேன். கயிற்றைக் கட்டினார்கள். நடுவர் "பாக்ஸ்" என்றார்.

அந்த இடத்தில் டைம்கீப்பர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பொத்தானை அழுத்தி முள்ளை மறுபடி ஓடவிட வேண்டும். நான் நிமிர்ந்து பார்த்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சண்டை நடக்கும்போது ரிங்கைப் பார்த்தேன். எர்னஸ்ட்டின் ஒரு கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. எங்கள் எர்னஸ்ட்டா இது என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். குனிந்தபோது முள் நின்றுகொண்டிருந்தது, சண்டை மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஐயோ ஆண்டவரே என்று அழுத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றிருக்கும்? பதினைந்து செகண்டா, இருபதா? எனக்குத் தெரியாது. தெரியாததைக் கழிக்கவும் முடியாது. நடுவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 

முனிராஜுவின் கோச் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு, "டைம் ஆய்த்து! பெல்! பெல்!" என்று, நேரம் முடிந்ததாகக் கன்னடத்தில் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. கூட்டத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. என் முள்ளில் ஒரே ஒரு செகண்ட் மிச்சம் இருந்தபோது எர்னஸ்ட்டின் வலது கை போய் விழுந்தது. முனிராஜு விழுந்தான், பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. கூடமே இடிந்து விழுகிற மாதிரி சத்தம். அந்தக் கோச் மேஜைக்கு ஓடிவந்து சண்டை போட்டார். தலைமை அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "வாட்ச் கரெக்டா அம்மா?" என்று கேட்டார்.

"கரெக்ட் சார்" என்றேன்.

இரண்டே வார்த்தை. அன்றிலிருந்து அவர் கடைசி செகண்ட் எர்னஸ்ட். பேப்பரில் அப்படித்தான் போட்டார்கள், கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் போட்டார்கள், அவரே போனை எடுத்தால் விளையாட்டாக, "கடைசி செகண்ட் பேசறேன்" என்பார். அந்தப் பொய்யை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொல் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தச் சாமியாரும் மாற்றலாகிப் போனார். பிறகு வந்தவரிடம் அந்தப் பாவத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னேன். முப்பத்தாறு வருடம் ஒரே பெஞ்சில் எர்னஸ்ட், பிலோ, நான் என்று உட்கார்ந்து பூசை பார்த்திருக்கிறோம். என் புருஷன் செத்தபோது சவப்பெட்டியைத் தோளில் தூக்கினவர் அவர். சொல்ல வேண்டியவளுக்குச் சொல்ல எத்தனை சந்தர்ப்பம் வேண்டும்!

போன மாதம் சங்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். பயிற்சிக்கூடத்துச் சுவரில் எர்னஸ்ட்டை ஓவியமாக வரையப்போகிறோம், பக்கத்தில் பெரிய ஸ்டாப்வாட்ச், திறப்பு விழாவில் ஆன்ட்டிதான் மேடையில் நின்று அதே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்றார்கள். அதே கடிகாரம்! நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு மேல் தாங்காது என்று ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோவில் பக்கத்துப் பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல பை டூ காபி, ஒரு காபியை இரண்டு தம்ளரில், சொன்னார். அரை தம்ளருக்கு மேல் அவர் குடிக்க மாட்டார், என்னையும் குடிக்க விட மாட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தது, முள் நின்றது, அந்தக் கோச் கத்தினது, கரெக்ட் சார் என்றது.

எர்னஸ்ட் காபியைத் தொடாமல் கேட்டார். முடிந்ததும், "எத்தினி செகண்டு?" என்று கேட்டார்.

"பதினஞ்சு இருக்கும். இருபதும் இருக்கலாம்."

"முனிராஜுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லலை."

தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. நீ வீட்டுக்குப் போ ஸ்டெல்லா" என்று எழுந்தார். அவருடைய அரை தம்ளர் அப்படியே இருந்தது. அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மெயின் ரோடு பக்கம் நடந்ததைப் பார்த்தேன். திங்கள் போன் வரவில்லை. செவ்வாய் நான் இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. புதன்கிழமை பிலோ போன் செய்தாள்.

அடக்கத்துக்கு முந்தைய அந்த இரண்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. ஊரே திரண்டு வந்தது. வயதான குத்துச்சண்டைக்காரர்கள் உடைந்த மூக்கோடு வரிசையில் நின்று குழந்தைகள் மாதிரி அழுதார்கள். வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கடைசி செகண்ட் கதையைத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, "என்ன ஆன்ட்டி, நீங்க பக்கத்துல இருந்தீங்களே" என்று என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டிக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமாக இருக்கிறாரா என்று பார்த்தேன். செத்த மனிதன் முகத்தில் என்ன தெரியும்? எனக்குப் புத்தி பேதலித்துப்போயிருந்தது.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். நரைத்த மீசை, கட்டுமஸ்தான உடம்பு, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த நடை. "மேடம், நீங்கதானே அன்னிக்கு பெல் அடிச்சது?" என்றார்.  முனிராஜு.

"நான் கன்னடக்காரன் மேடம், தமிழ் ஸ்வல்ப முன்னபின்ன இருக்கும்" என்று ஆரம்பித்தார். "திங்கக்கிழமை எர்னஸ்ட் சார் வந்திருந்தாரு எங்க வீட்டுக்கு. வைட்ஃபீல்ட்ல மகன்கூட இருக்கேன், ஒம்போதாவது மாடி. மெட்ரோல வந்து, எங்க பழைய ஆபீஸ் ஆளு ஒருத்தன்கிட்ட அட்ரஸ் விசாரிச்சு வந்திருக்காரு. செக்யூரிட்டி போன் பண்றான், எர்னஸ்ட்னு ஒருத்தர் வந்திருக்காரு, விடலாமான்னு. எனக்குக் கையே ஓடல மேடம்."

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"உள்ள வந்தவரு உக்காரவே இல்ல. 'முனிராஜு, அந்த ஃபைட் நீ ஜெயிச்சது. டைம் முடிஞ்சப்புறம் நான் அடிச்சிருக்கேன், எனக்கு நேத்துதான் தெரியும்'னாரு. எனக்கு அன்னிக்கே தெரியும் சார்னு சொன்னேன். எங்க கோச் வாட்ச்ல பாத்துட்டாரே."

"தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல நீங்க?"

"யார்கிட்ட மேடம்? நான் கீழ படுத்திருந்தேன். படுத்திருக்கிறவன் டைம் பத்திப் பேசினா ஜனம் சிரிக்கும்." அதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அப்புறம் சார் என்னை 'எழுந்திரு மேன்'னாரு. எழுந்தேன். என் மணிக்கட்டைப் புடிச்சு மேல தூக்கினாரு. ரெஃப்ரி தூக்கற மாதிரி. என் ஹெண்டத்தி, என் சம்சாரம், சண்டை போடறோம்னு கிச்சன்ல இருந்து கரண்டியோட ஓடி வந்தா. பேத்தி என்னான்னு தெரியாமலே கை தட்டுச்சு. சார் கையை இறக்கவே இல்ல."

மடச்சி, அந்த நேரத்தில் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"வாட்ச் பாக்கல மேடம். எனக்கு இந்தத் தோள் முழுசா மேல போகாது, வலிச்சுது. 'வலிக்குது சார்'னேன். 'முப்பத்தாறு வருஷம் கீழயே இருந்த கை, வலிக்கத்தான் வலிக்கும், சும்மா நில்லு'ன்னாரு." முனிராஜு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் சாப்பிட்டாரு. எங்க முத்தே, ராகிக் களி உருண்டை, ரெண்டு. நல்லா சிரிச்சுப் பேசினாரு. போறப்போ கேட்டேன், பெல் அடிச்ச மேடம் மேல கோபமா சார்னு. 'ஸ்டெல்லா பெல் அடிச்சுட்டா மேன். கொஞ்சம் லேட்டு'ன்னாரு."

அங்கேயே, அந்த வாசலிலேயே, மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று முனிராஜுவைத்தான் கேட்க வேண்டும். மகனை விட்டு எனக்குத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார்.

இதை எழுதி முடித்ததும் முதலில் பிலோவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சம்மதம் இல்லாமல் அச்சுக்குப் போகாது என்று முடிவு செய்திருந்தேன்.  "திங்கக்கிழமை சாயந்திரம் பாட்டு பாடிட்டு வந்தார்டி. எங்க போனீங்கன்னா, ஒரு ஃப்ரெண்டைப் பாத்தேன்னார். போனை அங்கயே மறந்து வச்சுட்டு வந்துட்டார்" என்றாள். பிறகு, "போடு. ஒரு எழுத்து மாத்தாதே" என்றாள். நான் அடித்த போன் ஒன்பதாவது மாடியில் சார்ஜ் தீர்ந்து கிடந்திருக்கிறது. அதற்கு நான் என்னென்ன நினைத்துக்கொண்டேன்!

எர்னஸ்ட்டை அறிந்தவர்களே, உங்களில் சிலருக்கு என்மேல் ஆத்திரம் வரும். வரட்டும். என் வீடு உங்களுக்குத் தெரியும், வந்து திட்டிவிட்டுப் போங்கள். அவர் பெயரில் கறை பூசிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு தப்பைச் சொல்ல எனக்கு முப்பத்தாறு வருடம் ஆனது. கேட்ட தப்பைச் சரிசெய்ய அவருக்கு ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும் என்றிருந்தது. தன்னை ஊரே எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதோ அந்தப் பெயரைக் கொண்டுபோய், யாரும் பார்க்காத ஒன்பதாவது மாடியில் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் திங்கட்கிழமையைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். மற்ற வெற்றிகள் எல்லாம் உங்களுக்கு.

ஆகவே, அன்றைய போட்டியின் டைம்கீப்பர் என்ற முறையில் சொல்கிறேன். என் கடிகாரம் தவறு. எர்னஸ்ட் ஆரோக்கியசாமி அந்தச் சண்டையில் புள்ளிக்கணக்கில் தோற்றார். வென்றவர் முனிராஜு.